நாற்பத்தொன்றும் பச்சை

லிமாஸ் கரை
பிப்ரவரி 23, ஞாயிறு

அன்பு மகள் மாரிகாருக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு அடக்கமாக உடுத்தி, இரவு ஷிப்ட் முடிந்ததும் பகலில் திரையை இழுத்துவிட்டு நன்றாகத் தூங்குகிறாய் என்று நம்பிக்கொண்டுதான் இதைத் தொடங்குகிறேன், அப்படி இல்லையென்றால் இதைப் படிக்கும் முன்பு ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வா. இங்கே நாங்கள் மூச்சும் முணுமுணுப்புமாக இருக்கிறோம். அப்பாவுக்குக் கால் கட்டைவிரல் மறுபடி வீங்கிவிட்டது, டாக்டர் கருவாட்டைத் தொடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார், இவர் படகுக் கொட்டகைக்குப் பின்னால் போய் ஒளிந்து தின்கிறார், வாயை முகர்ந்தால் தெரியாதா எனக்கு. உன் தம்பி நோயெலின் மனைவிக்கு ஆறாம் மாதம், புளிப்பு மாங்காய் தவிர வேறெதுவும் இறங்கவில்லை. நவம்பர் புயலில் பறந்த அடுப்பங்கரைக் கூரைக்குத் தகரம் போட்டாகிவிட்டது, மழை பெய்தால் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது, அப்பாவுக்கு அது வசதியாக இருக்கிறது. உன் தொழிற்சாலை ஹெலன் விடுப்பு முடிந்து வியாழக்கிழமை கடல் தாண்டி உங்கள் தாய்ச்சுங் நகரத்துக்குத் திரும்புகிறாள், அவள் கையில்தான் இந்தக் கடிதம் வருகிறது.

எனக்கு ஏன் மாற்றல் வந்தது என்று போனில் நீ மூன்று முறை கேட்டாய். மூன்று முறையும் நான் அப்பாவின் கட்டைவிரலுக்குப் பேச்சைத் திருப்பிவிட்டேன். திரையில் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நோயெல் உன்னிடம் பாதியைச் சொல்லியிருக்கிறான், அதுவும் எனக்குச் சாதகமான பாதி. மீதியை நான்தான் சொல்ல வேண்டும். போன ஜூலையில் நகரத்தில் நடந்த பயிற்சியில் ஓர் இளம் ஆசிரியை ஒரு செயலியைக் காட்டினாள். பிள்ளைகளிடம் கணினியும் வேண்டாம் போனும் வேண்டாம், ஆசிரியரிடம் ஒரு போன் இருந்தால் போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை, அதில் கறுப்பு வெள்ளைக் கட்டங்களாக ஒரு கோணல் படம், ஒரு பிள்ளையின் படம் இன்னொரு பிள்ளைக்கு இருக்காது. அட்டையின் நான்கு ஓரத்திலும் ஏ, பி, சி, டி என்று எறும்பளவு எழுத்து. கேள்வியை வகுப்புத் தொலைக்காட்சியில் போட்டதும், எது விடை என்று நினைக்கிறார்களோ அந்த எழுத்து மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். நான் போனின் கேமராவை வகுப்பின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஒரு முறை ஓட்டினால் போதும், யார் சரி யார் தப்பு என்று என் போனில் பெயரோடு வந்துவிடும், சரிக்குப் பச்சை, தப்புக்குச் சிவப்பு. அட்டை ஆளுக்கு ஒரு மாதிரி என்பதால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுத வழியில்லை. நீ அனுப்பிய போனில் அதைப் போட்டுக்கொண்டேன், அட்டைகளை அச்செடுத்து, பழைய காலண்டர் அட்டையில் ஒட்டி, மேலே பிளாஸ்டிக் டேப் சுற்றினேன், அப்பாவும் உட்கார்ந்து ஒட்டினார். மகளே, முப்பது வருடமாகப் புரிஞ்சுதா என்று கேட்டு, புரிஞ்சுது டீச்சர் என்ற கோரஸைக் கேட்டு நம்பி வீட்டுக்கு வந்தவள் நான். முதல் நாள் அந்தத் திரையைப் பார்த்தபோது யாரோ என் முகத்துக்கு நேரே கண்ணாடியைப் பிடித்த மாதிரி இருந்தது.

அந்த வகுப்பில் ஜூனாவி என்று ஒரு பெண் இருந்தாள், பத்து வயது, களத்தில் மீன் கீறிக் காயப்போடும் செனாய்தாவின் மூத்த மகள். விடியற்காலையில் அம்மாவோடு களத்தில் வேலை செய்துவிட்டுத்தான் பள்ளிக்கு வருவாள், எவ்வளவு குளித்தாலும் வாசனை போகாது. அவள் வாசலில் கால் வைத்ததும் பின்வரிசையிலிருந்து கருவாடு வந்துட்டா, ஜன்னலைத் தொறந்து விடுங்கடா என்று ஒரு குரல் வரும். பேச்சு வேறு கொஞ்சம் திக்கும். மூன்று வருடமாக அவள் கையைத் தூக்கி யாரும் பார்த்ததில்லை, மூன்றாம் வகுப்பு ஆசிரியை அவளை மந்தம் என்றே எழுதி எனக்கு அனுப்பியிருந்தாள், நானும் அதை நம்பி ஜன்னலோரம் உட்காரவைத்திருந்தேன். அட்டை வந்த முதல் வாரம் பன்னிரண்டு கேள்வி, பன்னிரண்டிலும் அவள் பெயர் பச்சை. போன் தவறாக வாசிக்கிறது என்று நினைத்து அவள் அட்டையை மாற்றிக் கொடுத்தேன், அப்போதும் பச்சை. அன்று மதியம் எல்லோரும் வெளியே போனபின் அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன், இந்த அட்டை உனக்கும் எனக்கும் நடுவுல மட்டும், உனக்கு எது சரின்னு படுதோ அதைத் தூக்கிப் பிடி, மத்தவங்க யாருக்கும் நீ என்ன சொன்னேன்னு தெரியாது, நான் பாத்துக்கறேன் என்று. அவள் திக்காமல், சரி டீச்சர் என்றாள். அந்த வார்த்தையை நான்தான் கொடுத்தேன் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

அட்டை இன்னொன்றையும் காட்டியது. கேள்வியை நானே வாய்விட்டுப் படித்தால் முக்கால்வாசிப் பேர் சரியாகத் தூக்குவார்கள், திரையில் மட்டும் போட்டால் பாதிக்கு மேல் சிவப்பு. கணக்கு தெரியாமல் இல்லை, கேள்வியையே படிக்கத் தெரியவில்லை. நாற்பத்தொரு பேரில் இருபத்தாறு பேர், நான்காம் வகுப்பில். நான் பெயர்களை எழுதி எடுத்துக்கொண்டு தலைமையாசிரியர் எவாரிஸ்தோ சாரிடம் போனேன். அவர் தாளை முழுவதும் படித்தார், அதை நான் மறுக்கமாட்டேன். படித்துவிட்டு மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்து, டீச்சர், இது உங்ககிட்டயே இருக்கட்டும், என் மேசைக்கு வந்தா நான் மேல அனுப்பணும், மேல போனா மூணு வருஷமா நாம என்ன அறிக்கை அனுப்பிக்கிட்டு இருந்தோம்னு கேப்பாங்க என்றார். சரி, அது போகட்டும் என்று மதிய உணவுக்குப் பின் முக்கால் மணி நேரம் அந்த இருபத்தாறு பேரையும் வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படிக்க வைத்தேன். நவம்பர் வரை நடந்தது. ஏழெட்டுப் பேர் ஒரு பத்தியை இடறி இடறிப் படிக்கவும் ஆரம்பித்தார்கள். புயலுக்குப் பிறகு பள்ளி திறந்தபோது எவாரிஸ்தோ சார் புது முகத்தோடு வந்தார். கருவிகளே இல்லாத வகுப்பில் கணினிக் கல்வி என்று கோட்ட அலுவலகம் ஒரு விருது வைத்திருக்கிறது, ஜனவரியில் வந்து பார்ப்பார்கள், நம் பள்ளியின் பெயரைக் கொடுத்துவிட்டேன், மதிய நேரத்தை இனி ஒத்திகைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றார். படிக்கிற வகுப்பு அன்றோடு நின்றது. நான் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொன்னேனா என்று நீ கேட்பாய். சொல்லவில்லை. விருது கிடைத்தால் பெயர்ப்பலகையில் என் பெயரும் இருக்கும் என்று அவர் சொன்னது எனக்கும் இனித்தது.

ஒத்திகையில் சிவப்பு குறையவே இல்லை. ஜனவரி இரண்டாம் வாரம் அவர் கதவைச் சாத்திவிட்டு, டீச்சர், அட்டையைப் பாத்துத் தெரிஞ்சுக்க முடியாதுன்னா, உங்களைப் பாத்துத் தெரிஞ்சுக்கலாம் இல்ல என்றார். அவ்வளவுதான் சொன்னார், மீதியை நானே கண்டுபிடித்தேன், இதில் அவரைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. கைக்குட்டையை எடுத்தால் ஏ, மூக்குக்கண்ணாடியைத் தொட்டால் பி, கைக்கடிகாரத்தைத் தொட்டால் சி, மேசை விளிம்பைப் பிடித்தால் டி. பிள்ளைகள் அரை மணி நேரத்தில் கற்றுக்கொண்டார்கள். பின்னக் கணக்கை ஐந்து மாதம் சொல்லிக்கொடுத்தேன், இதை அரை மணி நேரத்தில். அவர்களுக்கு அது ஒரே விளையாட்டு, மைதானத்தில்கூட ஒருவனுக்கொருவன் மூக்கைத் தொட்டுக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஜூனாவி மட்டும் மணி அடித்தபின் மேசைப் பக்கம் வந்து நின்றாள். எனக்கு வி-விடை தெரிஞ்சாலும் உங்க கையைத்தான் பாக்கணுமா டீச்சர் என்று கேட்டாள். நான் திருத்த வேண்டிய நோட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன், தலையைத் தூக்காமலே, தெரிஞ்சவங்களுக்கு எதுக்குடி சைகை, போ, மழை வருது என்றேன்.

வெள்ளிக்கிழமை காலையில் வந்தார்கள். வாசலில் ஃப்ளெக்ஸ் பேனர், கழுத்தில் கடற்சிப்பி மாலை, பான்சித் நூடுல்ஸ், சுட்ட கோழி, இளநீர், வழக்கம்போல எல்லாம். கோட்டத்திலிருந்து வந்த அதிகாரி ஒரு பெண்மணி, கூட நான்கு பேர், ஒருவர் கையில் கேமரா. மின்விசிறிக்கும் தொலைக்காட்சிக்கும் சேர்த்து மின்சாரம் தாங்காது என்று விசிறியை நிறுத்திவிட்டார்கள், ஜன்னல்களை அலங்காரத் துணி மறைத்திருந்தது. முதல் நான்கு கேள்வியும் நினைத்தபடி போனது, நான் கண்ணாடியைத் தொட்டேன், மேசையைப் பிடித்தேன், திரை பச்சையாகப் பூத்தது, அந்த அம்மாள் ஒவ்வொரு தடவையும் கை தட்டினார். ஐந்தாவது கேள்வி இது. ஒரு மூட்டை அரிசியை எட்டுச் சம பங்காகப் பிரித்தார்கள், மூன்று பங்கைக் கொடுத்துவிட்டார்கள், மீதி எவ்வளவு. எட்டில் ஐந்து, அது சி. நான் கைக்கடிகாரத்தைத் தொட்டிருக்க வேண்டும். வியர்வை கண்ணுக்குள் இறங்கி எரிந்தது மகளே, நான் யோசிக்கவே இல்லை, இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டையை உருவி முகத்தைத் துடைத்தேன். துடைத்து முடிப்பதற்குள் அட்டைகள் மேலே வந்துவிட்டன. கேமராவை ஓட்டினேன். வந்தவர்கள் பார்க்க அன்று தொலைக்காட்சியிலேயே போட்டிருந்த பெயர்கள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. நாற்பது சிவப்பு. நாற்பதும் ஏ, எட்டில் மூன்று. நடுவில் ஒரே ஒரு பச்சை, ஜூனாவி.

 அந்த அம்மாள் கண்ணாடியை இறக்கித் திரையைப் பார்த்தார், ஒரு பிள்ளை கூட வேற தப்பு பண்ணலையே, எல்லாரும் ஒரே தப்பா என்று மெதுவாகக் கேட்டார். அவருக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது, அதை நான் சத்தியம் செய்து சொல்வேன். எவாரிஸ்தோ சார் என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். மன்னிக்கணும் மேடம், கேள்வியில டைப்பிங் தப்பு, கொடுத்தது எவ்வளவுன்னுதான் இருக்கணும், அப்படிப் பாத்தா ஏ-தான் சரி, பிள்ளைங்க கேள்வியோட உள்ளர்த்தத்தைப் புரிஞ்சுக்கிட்டாங்க என்றார். கேமராக்காரர் படம் எடுப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். அந்த அம்மாள் என்னைப் பார்த்தார், பிறகு உணவு மேசை இருந்த பக்கம் பார்த்தார், பிறகு சிரித்தார். பிள்ளைங்களே டீச்சரைத் திருத்திட்டாங்களே, சரி, நீங்க விடையை மாத்திக்குங்க என்றார். போன் என் கையில் இருந்தது. சரியான விடை என்ற இடத்தில் சி-யை எடுத்து ஏ-யை வைக்க ஒரு விரல் தட்டினால் போதும். தட்டினேன். திரை புரண்டது. நாற்பது பச்சை, ஒரு சிவப்பு. எல்லோரும் கைதட்டினார்கள், பிள்ளைகளும் தட்டினார்கள், யாரோ பின்னால் கருவாட்டுக்குத் தெரியல என்று சொன்னது எனக்குக் கேட்டது. ஜூனாவி அட்டையை இறக்கவில்லை. சி மேலே இருக்க, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் பாத்துக்கறேன் என்று சொன்னவள் நான்தானே. எவாரிஸ்தோ சார் பல்லைக் கடித்துக்கொண்டு, ஒண்ணுதான டீச்சர், முடிச்சுடுங்க என்றார். நான் சொன்னேன், ஜூனாவி, அட்டையைத் திருப்பிப் பிடி. அவள் உடனே திருப்பவில்லை. மறுபடி சொன்னேன், கொஞ்சம் அதட்டலாக. திருப்பினாள். கேமராவை அவள் மேல் ஓட்டினேன். நாற்பத்தொன்றும் பச்சை. அந்தப் படம்தான் நீ பார்த்தது, நான் அவர்கள் அங்கேயே கொடுத்த சான்றிதழோடு நிற்க, பின்னால் திரை முழுக்கப் பச்சையாக. என் அம்மா போல யார் என்று எழுதி நீ எல்லோருக்கும் அனுப்பினாய், உன் தொழிற்சாலைப் பெண்கள் நூற்றுக்கு மேல் பேர் இதயம் போட்டார்கள். நான் அதை எத்தனை முறை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

அடுத்த நாள் காலை வலை தைத்துக்கொண்டிருந்த அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஊசியை நிறுத்தாமல் கேட்டார். முடிந்ததும், மீனை எண்ணச் சொன்னா, நீங்க வலைக்குப் பவுடர் போட்டு போட்டோ புடிச்சிருக்கீங்க என்றார்.  திங்கட்கிழமை ஜூனாவி வரவில்லை, அந்த வாரமே வரவில்லை. வெள்ளிக்கிழமை மாலை களத்துக்குப் போனேன். செனாய்தா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து ஒரு பெட்டியைக் கவிழ்த்து எனக்கு உட்காரக் கொடுத்தாள், அவள் கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். எம் பொண்ணால உங்களுக்குக் கெட்ட பேராயிருச்சாமே டீச்சர், பெரியவங்க வந்த நேரத்துல தப்பா காட்டிட்டாளாம், அவளே சொல்லி அழுதா, கணக்கு எனக்கு வராதும்மா, நான் களத்துலயே இருந்துக்கறேன்னு சொல்றா, நானும் சரின்னுட்டேன் என்றாள். ஜூனாவி கொஞ்சம் தள்ளி மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் போய் அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, நீ சொன்னதுதான் சரி, தப்பு நான் என்று சொன்னேன். அவள் தலையாட்டினாள், பெரியவர்கள் எதைச் சொன்னாலும் ஆட்டுகிற தலையாட்டல். நான் விடவில்லை. தட்டில் எட்டு மீன் வைத்தேன், மூன்றை எடுத்தேன், மிச்சம் எவ்வளவு சொல்லு என்றேன். அவள் தட்டைப் பார்க்கவில்லை மாரிகார். என் கையைப் பார்த்தாள். நான் எதைத் தொடப்போகிறேன் என்று பார்த்தாள்.

அதற்கு மேல் நான் என்ன செய்தாலும் அது தாமதம்தான் என்று தெரியும், ஆனாலும் செய்தேன். செனாய்தாவிடம் மன்றாடித் திங்கட்கிழமை அவளைப் பள்ளிக்கு அழைத்து வந்தேன். வகுப்பு முழுவதையும் உட்காரவைத்து, அந்தக் கேள்வியை மறுபடி திரையில் போட்டு, எது சரி, யார் சரி, யார் ஏமாற்றியது என்று பெயரோடு சொன்னேன், ஏமாற்றியதில் முதல் பெயர் என் பெயர். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போ சான்றிதழைத் திருப்பிக் கொடுக்கணுமா டீச்சர் என்று ஒருத்தி கேட்டாள். அடுத்த வாரம் நகரத்து மண்டபத்தில் பன்னிரண்டு பள்ளி ஆசிரியர்களுக்கு நான் பயிற்சி கொடுக்க வேண்டியிருந்தது, விருது வாங்கினால் அந்தக் கடமையும் வரும், அதே அதிகாரி அம்மாள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அட்டையை எப்படி ஒட்டுவது, எப்படிப் பிடிப்பது என்று அரை மணி நேரம் சொன்னேன். பிறகு கைக்குட்டை ஏ, கண்ணாடி பி என்று தொடங்கி நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன், இருபத்தாறு பேர் பட்டியலையும் சேர்த்து. எல்லோரும் அதிர்ந்துபோவார்கள் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். பின்னாலிருந்து ஓர் ஆசிரியர், எங்க பள்ளிக்கூடத்துல இருமிக் காட்டுவோம் டீச்சர், கைக்குட்டை வம்பு என்றார். மண்டபம் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை, நம்ம வீட்டுக் கதை என்று சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. அதிகாரி அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை, எழுந்து, இடைவேளை விடலாம் என்றார்.

மூன்று நாளில் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. சைகை காட்டியதற்காக இல்லை, அதைப் பற்றி ஒரு வரி கூட அதில் கிடையாது. அனுமதியின்றி அலுவலகத் தகவலைப் பொதுவில் பேசியதற்கும், சக ஊழியர்களின் நற்பெயரைக் கெடுத்ததற்கும். எவாரிஸ்தோ சார் என்னைக் கூப்பிட்டார், கத்தவில்லை, களைத்துப்போன குரலில்தான் பேசினார். உங்களுக்கு மனசாட்சி வந்த நேரத்துல என் ஓய்வுக்கு ஒண்ணரை வருஷம் இருக்கு டீச்சர், ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தா உங்களை மெச்சியிருப்பேன் என்றார். எனக்கு அதற்கு மறுப்பு இல்லை. பினித்தான் தீவுக்கு மாற்றல் ஆணை அடுத்த வாரமே வந்தது, படகில் ஒன்றரை மணி நேரம், மூன்று வகுப்பும் ஒரே அறையில், பத்தொன்பது பிள்ளைகள். விருது அப்படியே இருக்கிறது. பேனர் அப்படியே தொங்குகிறது. நிறுத்திய படிப்பு வகுப்பை மறுபடி ஆரம்பிக்க யாரும் இல்லை.

கடைசி நாள், நேற்று முன்தினம், ஒரே ஒரு கேள்வி போட்டேன். ரொம்ப எளிதானது. இன்னைக்குச் சைகை கிடையாது, தப்பா இருந்தா எனக்குப் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு நின்றேன். ஓர் அட்டைகூட எழவில்லை. நாற்பத்தொரு ஜோடிக் கண்ணும் என் கையிலேயே இருந்தது. போனை மேசையில் வைத்துவிட்டு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். அப்போதும் எழவில்லை. சுவர்க் கடிகாரத்தில் மூன்று நிமிடம் போனது, ஒரு பையன் தைரியமாகத் தூக்கினான், அப்புறம் இன்னொருத்தி, அப்புறம் அங்கங்கே. எல்லாம் எழுந்தபின் கேமராவை ஓட்டினேன். பதினேழு பச்சை, இருபத்து மூன்று சிவப்பு. அந்தப் பதினேழும் உண்மைப் பச்சை, அவ்வளவு நாளில் முதல் தடவையாக. ஒரு பெயர் மட்டும் நிறமே மாறாமல் சாம்பலாக நின்றது. போனை அவள் பக்கம் இரண்டு முறை, மூன்று முறை கொண்டுபோனேன். ஜூனாவி அட்டையைத் தூக்கித்தான் பிடித்திருந்தாள், எல்லோரையும்போல, முகத்துக்கு நேராக. ஆனால் நான்கு எழுத்தில் எதுவும் மேலே வராதபடி மூலை மேலே வரச் சாய்த்துப் பிடித்திருந்தாள். அப்படிப் பிடித்தால் போன் வாசிக்காது. அது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியவில்லை, அவளாகவே கண்டுபிடித்திருக்க வேண்டும், புத்திசாலிப் பெண். மணி அடித்தது. எல்லோரும் ஆசிக்காக என் கையைப் பிடித்து நெற்றியில் ஒற்றிக்கொண்டு போனார்கள், அவளும் ஒற்றினாள், போய்ட்டு வாங்க டீச்சர் என்று ஒரு எழுத்துக்கூடத் திக்காமல் சொன்னாள். திக்கியிருக்கலாம்.

இப்போது உனக்கு ஒரு வேண்டுதல். உண்மையைச் சொன்ன ஆசிரியைக்குத் தீவு தண்டனை என்று நீ முகநூலில் எழுதப்போவதாக நோயெல் சொன்னான், பாதி எழுதியும் வைத்திருக்கிறாயாம். எழுதாதே. உன் அம்மாவை நல்லவளாக்காதே. நான் உண்மையைச் சொன்னது எல்லாம் முடிந்தபின், சொன்னதில் எனக்கு நஷ்டம் ஒரு படகுப் பயணம்தான். விரலைத் தட்டியதும் நான், அதட்டியதும் நான். அந்தப் பச்சைப் படத்தையும் எடுத்துவிடு, எடுத்ததற்குக் காரணம் எழுத வேண்டாம். நாளைக் காலை முதல் படகில் போகிறேன், சனிக்கிழமைகளில்தான் வீட்டுக்கு வருவேன், தீவில் சிக்னல் கிடையாது, ஆகவே மற்ற நாட்களில் கூப்பிட்டுவிட்டுப் பயப்படாதே. மார்ச் நான்காம் தேதி அப்பாவுக்குப் பிறந்தநாள், மறக்காமல் பேசு, கருவாடு தின்றீர்களா என்று நீயும் ஒரு வார்த்தை கேள், நான் கேட்டால் அவருக்கு உறைப்பதில்லை. ஹெலன் கையில் உனக்கும் கருவாடு வருகிறது, ஏழு சுற்றுத் தாள் சுற்றியிருக்கிறேன், அறையில் மற்றப் பெண்கள் இருக்கும்போது வறுக்காதே.

நீ உழைக்கிற கையையும் விழித்திருக்கிற கண்ணையும் மாதா காக்கட்டும், உனக்கு ஒரு குறையும் வராமல் ஆண்டவர் பார்த்துக்கொள்ளட்டும். என்னைப் பற்றி யாராவது விசாரித்தால் மாற்றலாகிவிட்டது என்று மட்டும் சொல். ஜூனாவியைப் பற்றி யாராவது விசாரித்தால் அவள் சொன்னதுதான் சரி என்று சொல். விசாரிக்கத்தான் யாரும் இல்லை.

உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
பெர்பேத்துவா